பேரின் நீளம்

உட்காருங்க, இந்த சீட்டுக்கு ஆள் வரல. நீங்க எதுவரைக்கும்? திண்டுக்கல்லா. நான் திருச்சி. அப்ப மூணு மணி நேரம் சேர்ந்துதான் போகணும்.

பொதுவா நான் பஸ்ல யார்கிட்டயும் பேச்சுக் கொடுக்கிறவன் இல்லீங்க. வீட்லயும் பேச ஆள் கிடையாது. சில நாள் டிவியில நியூஸ் வாசிக்கிற அம்மா வணக்கம்னு சொன்னா பதிலுக்கு வணக்கம் சொல்லிடுவேன். அந்த அளவுக்குத்தான் என் பேச்சு. இன்னைக்கு என்னமோ பேசணும் போல இருக்கு. உங்களுக்குத் தொந்தரவா இருந்தா சொல்லிடுங்க.

என் பேரு திருமேனி. அம்பத்தேழு வயசு. கம்ப்யூட்டர் ப்ரோகிராம் எழுதுறது வேலை. எக்ஸ்ரே எடுக்கிற இடத்துல மிஷின்ல இருந்து வர்ற படத்தைக் கம்ப்யூட்டர்ல திறந்து டாக்டருக்குக் காட்டுறாங்கல்ல, அந்தத் திறக்கிற சாஃப்ட்வேர் எங்க கம்பெனியோடது. பதினாலு வருஷத்துக்கு முன்னாடி நான் ஒருத்தனே எழுதினது. சி-ன்னு ஒரு பழைய பாஷை, அதுல எழுதினேன். ஒருகாலத்துல இருநூறு இடத்துல ஓடிச்சு. இப்ப முப்பத்தொரு இடம். ஆபீஸ்ல மத்த பசங்க எல்லாம் புதுசா வேற பண்றாங்க. பழசுக்கு நான் ஒரு ஆள் மட்டும். "நீங்க வீட்ல இருந்தே பாருங்க அங்கிள், தினம் வந்து அலைய வேண்டாம்"னு மரியாதையா சொல்லிட்டாங்க. வயலூர் ரோட்டுல மாடி வீடு. அங்கேயே ஒரு மேஜை, ஒரு கம்ப்யூட்டர்.

என் வீட்டுக்காரம்மா பூனாவுல பையன்கிட்ட இருக்காங்க. பேரப்பிள்ளையப் பார்த்துக்க மூணு மாசம்னு போனாங்க, ரெண்டரை வருஷம் ஆச்சு. சண்டையெல்லாம் ஒண்ணும் கிடையாது. சண்டை போடுற அளவுக்கு எங்களுக்குள்ள பேச்சே இருந்ததில்ல. ஞாயித்துக்கிழமை போன் பண்ணுவாங்க. சாப்பிட்டாச்சான்னு கேப்பாங்க, ஆச்சும்பேன். அவ்வளவுதான். நல்லபடியா போயிட்டிருக்கு.

நான் சொல்ல வந்தது அது இல்ல. கம்பத்துல ஒரு எக்ஸ்ரே சென்டர். ஒரு டாக்டர் வச்சு நடத்துறார். ஆகஸ்ட் ஒண்ணாம் தேதி, வெள்ளிக்கிழமை, மத்தியானம் ஒண்ணரை மணிக்கு அங்கிருந்து போன் வந்துச்சு. ஒரு பொம்பளக் குரல். "திருச்சி சாருங்களா? நான் ஜெயக்கொடி பேசுறேன், இங்க படம் எடுக்கிறவ. நீங்கதான் இந்த சாஃப்ட்வேர் எழுதினதுன்னு ஆபீஸ்ல நம்பர் குடுத்தாங்க. படம் திறக்க மாட்டேங்குது சார்."

எல்லாப் படமுமான்னு கேட்டேன். "இல்ல சார், ஒரு நாளைக்கு ஒண்ணு ரெண்டு. 'படக்கோப்பு சேதம், மீண்டும் எடுக்கவும்'னு வருது. திரும்ப எடுத்தா திறக்குது. எடுத்த ஆளையே திரும்பப் படுக்க வைக்கணும். டாக்டர் என்னையத்தான் திட்டுறாரு."

அந்தச் செய்தி நான் எழுதினதுதான். பதினாலு வருஷத்துக்கு முன்னாடி ஒரு நாள் உட்கார்ந்து எழுதினது. ப்ரோகிராமுக்குப் புரியாத எதையாவது பார்த்தா என்னமாவது சொல்லணும்ல. அதனால அப்படி எழுதி வச்சேன்.

அன்னைக்கே டாக்டருக்கு ஒரு மெயில் போட்டேன். மென்பொருளில் பழுது இல்லை, படம் சேமிக்கப்படும்போது இயக்குபவர் அவசரப்பட்டு மூடிவிடுவதால் இவ்வாறு நேரலாம் அப்படின்னு. அது வழக்கமா எல்லாருக்கும் போடுற பதில்தான். பத்துக்கு எட்டு தடவை அதுதான் உண்மையா இருக்கும். நீங்க வேற மாதிரி நினைக்காதீங்க.

ஆனா அந்தப் பொண்ணு விடல. மறுநாளும் அதே ஒண்ணரை மணிக்கு போன். டாக்டர் சாப்பிடப் போற நேரம், அப்பத்தான் அதுக்குப் பேச முடியும். "நான் அவசரப்பட்டு மூடலை சார். கைய எடுத்துட்டு பத்து எண்ணிட்டுத்தான் மூடினேன். அப்பவும் வருது." பத்து எண்ணிட்டு மூடினேன்னு சொன்னது எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. என் வேலையில இத்தனை வருஷத்துல யாரும் அப்படி நான் சொன்னதைக் கேட்டு செஞ்சதில்ல. கெட்டுப்போன ஃபைலை அனுப்பும்மா, பாக்குறேன்னேன்.

ஒரு படத்தோட ஃபைல்னா, படம் மட்டும் இருக்காதுங்க. முன்னாடி கொஞ்சம் விவரம் இருக்கும். ஒரு பார்சல்ல மேல விலாசம் ஒட்டியிருக்குல்ல, அந்த மாதிரி. எத்தனை அகலம், எத்தனை உயரம், நோயாளி பேரு, படம் எங்கேயிருந்து ஆரம்பிக்குது, இதெல்லாம். அதைப் படிச்சுச் சொல்றதுக்கு நான் ஒரு ஃபங்ஷன், அதாவது ப்ரோகிராமுக்குள்ள ஒரு சின்னப் பகுதி, எழுதி வச்சிருந்தேன். நூத்தி எண்பது வரி. அதைத்தான் நோண்ட ஆரம்பிச்சேன். ஒவ்வொரு வரியா நிறுத்தி நிறுத்தி ஓட்டிப் பார்த்தேன். அகலம் தப்பா வருது. ஆயிரத்துச் சொச்சம் இருக்க வேண்டிய இடத்துல கோடிக்கணக்குல ஒரு எண். எங்கேயிருந்து வருதுன்னு தெரியல. மிஷின் மேல சந்தேகப்பட்டேன். கேபிளை மாத்தச் சொன்னேன், மாத்திச்சு. விண்டோஸ் அப்டேட்டா இருக்கும்னு நினைச்சேன். படத்தோட பகுதிய முழுக்க அலசினேன். பேரு இருக்கிற பக்கம் போகவே இல்ல. பேருல என்ன இருக்கப்போகுதுன்னு விட்டுட்டேன்.

அந்தப் பொண்ணு தினம் ஒண்ணரைக்குப் பேசும். முதல்ல ரெண்டு நிமிஷம் ஃபைல் சமாச்சாரம். அப்புறம் அது பாட்டுக்கு சொல்லிக்கிட்டே சாப்பிடும். இன்னைக்கு ஒரு பெரியவர் வந்தாரு சார், சட்டையக் கழட்டுங்கன்னா கோவணத்தையும் கழட்டிட்டாரு. இன்னைக்கு ஒரு பிள்ளை காசை முழுங்கிருச்சு, படத்துல பார்த்தா அஞ்சு ரூபாத் துட்டு, அவங்கம்மா ஒத்த ரூபான்னு சொல்லிக்கிட்டிருந்துச்சு. இந்த மாதிரி. அதோட வீட்டுக்காரர் திருப்பூர்ல பனியன் கம்பெனியில. மாசத்துக்கு ஒருக்கா வருவார். ஒரு மகள் பத்தாவது படிக்குது. கூடலூர்ல இருந்து பஸ்ல வந்து போகும். இதெல்லாம் நான் கேட்கல, அதுவே சொன்னது.

நான் வழக்கமா மூணு மணிக்கு மேலதான் சாப்பிடுவேன், இல்லேன்னா சாப்பிடவும் மறந்துடுவேன். அந்த மாசம் ஒண்ணேகாலுக்கே சோறு வச்சு, தட்டைப் போட்டு வச்சிடுவேன். போன் ஸ்பீக்கர்ல. அது ஒரு வசதிக்காகத்தான். கை ஈரமா இருந்தா போனைப் பிடிக்க முடியாதுல்ல.

தப்பா நினைக்காதீங்க. எனக்கு அம்பத்தேழு வயசு. அது என் மகள் மாதிரி. எனக்கு மகள் கிடையாது, இருந்தாலும் சொல்றேன்.

பதினொண்ணாம் தேதி திங்கக்கிழமை பேச்சுவாக்குல அது சொல்லிச்சு. "சார், ஆடி பொறந்த புதுசுல ஒரே நாள்ல ரெண்டு வீரம்மா வந்துட்டாங்க. ஒருத்தி கால் படம் இன்னொருத்திக்கு மாறிப் போச்சு. டாக்டர் என்னைய உண்டு இல்லன்னு பண்ணிட்டாரு. அன்னையில இருந்து நான் முழுப் பேரும் அடிக்கிறது சார், தமிழ்ல. புருஷன் பேரு, ஊரு, தெரு எல்லாம். படம் கெட்டுப்போயி திரும்ப எடுக்கிறப்பத்தான் அவசரத்துல வெறும் பேரை மட்டும் அடிச்சிருவேன். ஆள் படுத்துக் கிடக்குதுல்ல."

நான் ம்ம்னு கேட்டுக்கிட்டேன். சாப்பிட்டு, தட்டைக் கழுவி, படுத்து எழுந்திரிச்சேன். மறுநாள் காலையில பல் விளக்கிட்டிருக்கும்போது நின்னுட்டேன். முதல் தடவை முழுப் பேரு, கெட்டுப்போகுது. ரெண்டாவது தடவை வெறும் பேரு, திறக்குது.

வாய் கொப்புளிக்கக்கூட இல்ல, வந்து உட்கார்ந்தேன்.

விஷயம் இதுதாங்க. பேரு எத்தனை நீளம்னு ஒரு எண் அந்த விவரத்துல இருக்கும். அந்த எண்ணை வாங்கி வைக்க நான் ஒரு சின்ன டப்பா வச்சிருந்தேன். அந்த டப்பா நூத்தி இருபத்தேழு வரைக்கும்தான் ஒழுங்கா எண்ணும். அதுக்கு மேல போனா கழித்தல் எண்ணாத் திருப்பிக் காட்டும். இங்கிலீஷ்ல எழுதினா யார் பேரு நூத்தி இருபத்தேழு வரப்போகுது? ஆனா தமிழ் அப்படி இல்ல. முத்துன்னு நமக்கு மூணு எழுத்து. கம்ப்யூட்டர் உள்ள அது பதினெட்டு இடத்தை எடுத்துக்கும். புருஷன் பேரு, ஊரு, தெரு எல்லாமே நீளமா அமைஞ்சா, நாளைக்கு ஒண்ணு ரெண்டு நூத்தி இருபத்தேழைத் தாண்டிடும். தாண்டினதும் என் ப்ரோகிராம் முன்னால போறதுக்குப் பதிலா பின்னால போயி, எதையோ எடுத்து அகலம்னு நினைச்சு, திருதிருன்னு முழிச்சு, படக்கோப்பு சேதம்னு சொல்லிடும். படத்துக்கு ஒண்ணுமே ஆகியிருக்காது. படம் உள்ள பத்திரமா இருக்கும்.

சரிபண்றதுக்கு ஒரே ஒரு வார்த்தை சேர்க்கணும். இந்த எண்ணுக்குக் கழித்தல் கிடையாதுன்னு சொல்ற வார்த்தை. சேர்த்தேன். கெட்டுப்போன பதினாலு ஃபைலும் வரிசையாத் திறந்துச்சு. முட்டி, தோள்பட்டை, நெஞ்சு, ஒரு சின்னப் பிள்ளையோட கை. எழுந்து ரூம்ல நாலு சுத்து நடந்தேன். பதினொரு நாள் தேடினது கிடைச்சா எப்படி இருக்கும், சொல்லுங்க. யார்கிட்டயாவது சொல்லணும்.

வீட்டுக்காரம்மாவுக்கு போன் போட்டேன். செவ்வாய்க்கிழமை நான் போன் பண்றதே இல்ல, பயந்துட்டாங்க. என்னாச்சுங்கன்னாங்க. "ஒண்ணும் இல்ல, ஒரு தப்பு கண்டுபிடிச்சேன், பதினாலு வருஷமா உள்ள இருந்திருக்கு"ன்னேன். "சரி, பிள்ளைக்கு ஊட்டிக்கிட்டிருக்கேன், அப்புறமா பேசவா?"ன்னாங்க. பேசுன்னு வச்சிட்டேன். ஆபீஸ்ல சொன்னா, "சூப்பர் அங்கிள்"னு ஒரு வரி வரும். அதுக்காக எழுதணுமான்னு எழுதல.

ஒண்ணேகால் ஆச்சு. சோறு வச்சேன். ஒண்ணரைக்குப் போன் வந்துச்சு.

"சார், இன்னைக்கும் ஒண்ணு. என்ன சார், ஏதாவது தெரிஞ்சுச்சா?"

நான் சொன்னேன், "பார்த்துக்கிட்டிருக்கேன்மா."

அதுல பொய் ஒண்ணும் இல்ல. சோதிச்சுப் பார்க்கணும்ல. மருத்துவ சாஃப்ட்வேருங்க, இது விளையாட்டு இல்ல. ஒரு இடத்தைத் தொட்டா வேற எங்க இடிக்கும்னு யாருக்குத் தெரியும்? நான் அந்தக் காலத்து ஆள். எழுதின உடனே அனுப்பிடுற பழக்கம் என்கிட்ட கிடையாது. சோதனைக்கு விதவிதமா நீளமான பேரு வேணும், அதனால அந்தப் பொண்ணுகிட்டயே கேட்டு வாங்கினேன். தினம் அன்னைக்கு வந்தவங்க பேரைச் சொல்லும், நான் எழுதிக்குவேன். ராயப்பன்பட்டி, அனுமந்தன்பட்டி, சுருளிப்பட்டி. யாருக்கு யாரு புருஷன், எந்தத் தெருவுல இருக்காங்கன்னு எல்லாம் எனக்குத் தெரியும். நான் பார்க்காத ஊரு, ஆனா நடுத்தெருவுல யாரு கால் உடைஞ்சிருக்குன்னு திருச்சியில உட்கார்ந்துக்கிட்டு சொல்லுவேன். ஒரு நாள் அது சிரிச்சிடுச்சு. "சார், நீங்க இங்க எலெக்‌ஷன்ல நிக்கலாம்"னுச்சு.

பதிமூணு நாள் சோதிச்சேன். நாப்பத்தாறு பேரு போட்டுப் பார்த்தேன். நாப்பத்தாறும் திறந்துச்சு.

நடுவுல ஒரு நாள் குரல் சரியில்ல. என்னம்மான்னேன். "ஒண்ணுமில்ல சார். டாக்டர் எல்லார் முன்னாடியும் கேக்குறாரு, கண்ணு தெரியலையா உனக்குன்னு. ஒரு ஆளுக்கு ரெண்டு தடவ எக்ஸ்ரே போனா உடம்புக்கு ஆகாதுன்னு சனம் பேசுது"ன்னுச்சு. கவலைப்படாதம்மா, சீக்கிரம் முடிஞ்சிடும்னு சொன்னேன். சொன்னேன்தான்.

இருபத்தஞ்சாம் தேதி, திங்கக்கிழமை. ஒண்ணரைக்குப் போன் வரல. ரெண்டு ஆச்சு, ரெண்டரை ஆச்சு. சோறு ஆறிப் போச்சு. நானா பண்ணலாம்னா, சென்டர் லேண்ட்லைன் நம்பர்தான் என்கிட்ட இருக்கு. அந்தப் பொண்ணோட சொந்த நம்பர் நான் கேட்டதில்ல, கேக்கிறது முறை இல்லையே. லேண்ட்லைனுக்குப் பண்ணினா டாக்டர் எடுப்பார்.

மறுநாள் பதினொரு மணிக்கு அங்க இருக்கிற கம்பவுண்டர் பண்ணினார். "சார், இனிமே படம் எடுக்கிறது வேற பையன். சாஃப்ட்வேர் பாஸ்வேர்டை மாத்திக் குடுங்க."

"ஜெயக்கொடி?"

"நிப்பாட்டிட்டாங்க சார்."

அவர்தான் சொன்னார். முந்தின நாள் சுருளிப்பட்டியில இருந்து ஒச்சம்மான்னு ஒரு கிழவிய இடுப்பு உடைஞ்சு தூக்கிட்டு வந்திருக்காங்க. மேஜையில ஏத்துறப்பவே அந்தக் கிழவி அலறியிருக்கு. படம் எடுத்து இறக்கிப் படுக்க வச்சப்புறம் படக்கோப்பு சேதம்னு வந்திருக்கு. திரும்ப ஏத்தினப்ப மயக்கம் போட்டுடுச்சு. மகன் டாக்டர் சட்டையப் பிடிச்சிட்டான். டாக்டர் அந்தப் பொண்ணைக் காட்டி, "இவதான் படத்தைக் கெடுக்கிறவ, கம்பெனியே எழுதிக் குடுத்திருக்கான்"னு சொல்லி அங்கேயே வெளிய போகச் சொல்லிட்டார். கம்பெனி எழுதிக் குடுத்ததுன்னா, அந்த முதல் நாள் மெயில்.

போனை வச்ச பத்தாவது நிமிஷம் நான் திருத்தத்தை அனுப்பிட்டேன். பத்தே நிமிஷம். கம்பவுண்டரே ஆச்சரியப்பட்டார்.

அப்புறம் அந்த ஒச்சம்மாவோட முதல் படத்தை வரவழைச்சுத் திறந்து பார்த்தேன். 'ஒச்சம்மாள் க/பெ விருமாண்டி, சுருளிப்பட்டி மேலத்தெரு.' எண்ணிப் பார்த்தேன், நூத்தி நாப்பத்தொண்ணு இடம். படம் நல்லா இருந்துச்சுங்க. இடுப்புக்குக் கீழ தொடை எலும்பு சேர்ற இடத்துல கோடு போட்ட மாதிரி முறிவு. எனக்கே தெரியுது, டாக்டருக்கு எப்படித் தெரியாமப் போகும்? ரெண்டாவது தடவை ஏத்தவே வேண்டியதில்ல. அதைப் பார்த்துக்கிட்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பொண்ணு எவ்வளவு நேரா, பிசிறு இல்லாம எடுத்திருக்கு. அதுவரைக்கும் நான் படத்தை எல்லாம் திறக்குதா இல்லையான்னுதான் பார்த்தேன். படமாப் பார்க்கல.

அதுக்கப்புறம் மூணு வாரம். ஒண்ணேகால் ஆனா கை தானா அரிசியக் கழுவும். புதுப் பையன் போனே பண்றதில்ல. அவன் நோயாளி பேரை இங்கிலீஷ்ல அடிக்கிறான். நாலு எழுத்து, அஞ்சு எழுத்து. ஒரு பிரச்சினையும் இல்ல.

சரி, நேர்ல போயி சொல்லிடுவோம், தப்பு நம்ம பக்கம்தான்னு எழுதியே குடுத்துடுவோம்னு கம்பெனி லெட்டர்ல அடிச்சேன். என்ன பழுது, எந்த ஃபங்ஷன், எந்தத் தேதியில கண்டறியப்பட்டது, எந்தத் தேதியில திருத்தம் வழங்கப்பட்டது. எங்க கம்பெனியில அப்படி எழுதுறதுதான் முறை. சீல் வச்சேன். கம்பவுண்டர்கிட்ட விசாரிச்சா, உத்தமபாளையத்துல ஒரு டாக்டர்கிட்ட டோக்கன் குடுக்கிற வேலைக்குப் போகுதுன்னார். எக்ஸ்ரே வேலைக்கு இந்தப் பக்கம் யாரும் எடுத்துக்கலையாம்.

இன்னைக்குக் காலையில நேரா அங்கதான் போனேன். வரிசையில நின்னேன். கண்ணாடிக்குப் பின்னால உட்கார்ந்து குனிஞ்சு எழுதிக்கிட்டிருந்துச்சு. நான் நினைச்சிருந்த முகம் இல்ல. இன்னும் கொஞ்சம் வயசான மாதிரி இருந்துச்சு.

"பேரு சொல்லுங்க."

"திருமேனி."

எழுதாம நிறுத்திடுச்சு. என் பேரு அதுக்குத் தெரியாதுங்க, சார்னு மட்டும்தான் கூப்பிடும். குரலை வச்சுத்தான். நிமிர்ந்து பார்த்து, "திருச்சி சாரா?"ன்னுச்சு. "உடம்புக்கு என்ன சார்?" அப்படின்னு பயந்து கேட்டுச்சு. உடம்புக்கு ஒண்ணும் இல்லம்மா, உன்னைப் பார்க்கத்தான்னேன்.

மத்தியானம் விட்டதும் வெளிய வேப்பமரத்தடி பெஞ்சுல உட்கார்ந்தோம். லெட்டரைக் குடுத்தேன். சந்தோஷமாத்தான் வாங்கிப் படிச்சுச்சு. "நான் பத்து எண்ணிட்டுத்தான் சார் மூடினேன். எனக்குத் தெரியும் சார்"னு ரெண்டு தடவை சொல்லிச்சு. கண்ணு கலங்கிடுச்சு. அப்புறம் திரும்ப மேலேயிருந்து படிச்சுச்சு. ரெண்டாவது தடவை படிக்கிறப்ப ஒரு இடத்துல விரலை வச்சுக்கிச்சு.

"பன்னெண்டாம் தேதியா சார்?"

"ஆமாம்மா."

"பன்னெண்டாம் தேதி நான் போன் பண்ணேனே."

"ஆமா."

"பதிமூணும் பண்ணேன். தினமும் பண்ணேன்."

"சோதிச்சுப் பார்க்கணும்லம்மா."

ரோட்டுல ஒரு டிராக்டர் போச்சு. அது போய் முடியிற வரைக்கும் அந்தப் பொண்ணு அதையே பார்த்துட்டு, "பேரைச் சுருக்கி அடிம்மான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தாப் போதுமே சார். ஒச்சம்மா வந்தது இருபத்தஞ்சாம் தேதில்ல"ன்னுச்சு.

குரலை உயர்த்தல. கணக்குப் பார்க்கிற மாதிரி, சரியாத்தான் கேட்டுச்சு.

லெட்டரை மடிச்சுக் கைப்பைக்குள்ள வச்சுக்கிச்சு. "டாக்டர்கிட்ட நீங்களே நேர்ல வந்து சொல்லுங்க சார். நான் சொன்னா நம்ப மாட்டாரு. கம்பம் இருபது நிமிஷம்தான்." எனக்குத் திரும்பப் போற பஸ்ஸு இருக்கேன்னேன். "பஸ்ஸு கம்பத்துல இருந்துதான் சார் கிளம்புது"ன்னுச்சு. இவ்வளவு தூரம் வந்துட்டு முடியாதுன்னு சொல்ல முடியுமா?

டாக்டர் ரூம்ல ஏசி. நான் எல்லாத்தையும் விளக்கிச் சொன்னேன். டப்பா, நூத்தி இருபத்தேழு, எல்லாம். அவருக்கு அதெல்லாம் பொறுமை இல்ல. "அப்ப உங்க தப்பு"ன்னார். "ஆமா சார்." "எப்ப கண்டுபிடிச்சீங்க?"

அந்தப் பொண்ணு என் பக்கத்துலதான் நின்னுக்கிட்டிருந்துச்சு, கைப்பையோட.

"இருபத்தாறாம் தேதி சார். கண்டுபிடிச்ச பத்தாவது நிமிஷம் அனுப்பிட்டேன்"னேன்.

அது எப்படி வாயில வந்துச்சுன்னு தெரியல. டாக்டர் அந்தப் பொண்ணைப் பார்த்தார். "எழுத்துல ஏதாவது குடுத்திருக்காரா?"ன்னார். நான் அந்தக் கைப்பையையே பார்த்தேன்.

"இல்ல சார். அவரே நேர்ல வந்து சொல்றாருல்ல"ன்னுச்சு ஜெயக்கொடி.

டாக்டர் தலைய ஆட்டினார். "சரி, திங்கக்கிழமையில இருந்து வா"ன்னார். அது அசையல. "வர்றேன் சார். அந்த ஒச்சம்மா மகன் முன்னாடிதான் என்னையச் சொன்னீங்க. அவருக்கு ஒரு போன் பண்ணி, நான் கெடுக்கலைன்னு சொல்லிருங்க சார்." அவருக்கு முகம் சுருங்கிடுச்சு. அப்புறம் பண்றேன்னார். "நம்பர் என்கிட்ட இருக்கு சார், நான் போட்டுக் குடுக்கிறேன்"னு மேஜைக்கிட்ட போயிடுச்சு. டாக்டர் பேசி முடிக்கிற வரைக்கும் நின்னுக்கிட்டே இருந்துச்சு. மகன் என்ன சொன்னான்னு எனக்குக் கேக்கல. கிழவி ஆபரேஷன் பண்ணி வீட்டுக்கு வந்துட்டாளாம், பிடிச்சுக்கிட்டு நடக்கிறாளாம். அது ஒண்ணு டாக்டர் சொன்னார்.

பஸ் ஸ்டாண்டு வரைக்கும் என்கூட நடந்து வந்துச்சு. வர வேண்டாம்மான்னேன், வந்துச்சு. வழியெல்லாம் நான்தான் பேசிக்கிட்டே வந்தேன், புதுப் பையன் பேரை எப்படி அடிக்கிறான், தமிழ்ல அடிச்சா என்ன வசதின்னு. இதோ இந்தப் பஸ் நின்னுக்கிட்டிருந்துச்சு. ஏறப் போறப்ப கைப்பையைத் திறந்து லெட்டரை எடுத்து நீட்டிச்சு. "இதை நீங்களே வச்சுக்குங்க சார்."

வாங்கிக்கிட்டேன். இனிமே பயப்படாம எவ்வளவு நீளமா வேணாலும் பேரு அடிக்கலாம்மான்னு சொன்னேன். திரும்ப ஏதாவது பிரச்சினை வந்தா, எப்ப வேணாலும், ஒண்ணரைன்னு இல்ல, எப்ப வேணாலும் கூப்பிடும்மான்னு சொன்னேன்.

"பிரச்சினை வராது சார்"னுச்சு. "நல்லா சோதிச்சிருக்கீங்கல்ல."

மனசுல ஒண்ணும் வச்சுக்கல பாருங்க. வேலைய மதிச்சு ஒரு வார்த்தை சொல்லிச்சு. சிரிச்சுக்கிட்டேதான் சொல்லிச்சு. சிரிச்ச மாதிரிதான் இருந்துச்சு. நான் உள்ள வந்து உட்கார்ந்து ஜன்னல் வழியாப் பார்க்கிறதுக்குள்ள திரும்பி நடந்துடுச்சு.

நீங்களே சொல்லுங்க, ஒரு மருத்துவ சாஃப்ட்வேரை ரெண்டு வாரம் சோதிக்கக்கூடாதா? எத்தனை உயிர் சம்பந்தப்பட்டது.

என்ன, தேனி வந்துருச்சா. நிறைய பேர் இறங்குறாங்க. முன்னாடி ரெண்டு சீட்டு காலியாகுது. அங்க போறீங்களா? போங்க, போங்க, அங்க காத்து நல்லா வரும். எனக்கு இங்க வசதியாத்தான் இருக்கு.